ஒரே பெயர், வேறு ஆள்: மலரும் ஊர் வரலாறும் தொகுப்போர் பெயர்களைப் பிரித்தறியும் முறை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், ஊர் வரலாறு என்று எதைத் தொகுக்க உட்கார்ந்தாலும், சில நாட்களுக்குள் ஒரே பெயர் பல இடங்களில் தலைகாட்டும். கனகரத்தினம் என்ற பெயரைப் பாருங்கள். 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் எஸ். ஓ. கனகரத்தினம். 1977இல் பொத்துவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் எம். கனகரத்தினம். யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி கல்லூரியை நிறுவியவர் அருளம்பலம் கனகரத்தினம். அந்தக் கல்லூரிதான் இன்று அவர் பெயரிலேயே கனகரத்தினம் மத்திய மகா வித்தியாலயமாக இருக்கிறது. பழைய பத்திரிகைத் துணுக்கு ஒன்றில் "திரு. கனகரத்தினம் அவர்கள் தலைமை வகித்தார்" என்று மட்டும் இருந்தால், அது மூவரில் யார்? அல்லது மூவரும் இல்லாத நான்காமவரா? விழாவின் ஆண்டும் இடமும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம். ஊகம் மலரில் அச்சேறிவிட்டால் அடுத்த மலர் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குழப்பம் நம் பக்கத்தில் அதிகமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் முதலாவது. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிற்பது இரண்டாவது. மூத்ததம்பி, பெரியதம்பி, இளையதம்பி, சின்னத்தம்பி என்று பிறந்த வரிசையே பெயராகிவிடுவது மூன்றாவது. கோயில் தெய்வத்தின் பெயர் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்காமல் தொடங்குங்கள்

எல்லாவற்றுக்கும் முந்திய விதி இது: ஒரே பெயரில் வரும் இரண்டு குறிப்புகளை, நிரூபணம் கிடைக்கும் வரை, இரண்டு ஆட்களாகவே வைத்திருங்கள். பெரும்பாலானோர் செய்வது இதற்கு மாறானது. ஒரு கொப்பியில் 'கந்தையா' என்று தலைப்புப் போட்டு, கிடைத்ததையெல்லாம் அதன் கீழே எழுதிக்கொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு கந்தையா இருந்திருக்கிறார்கள் என்று தெரியவரும்போது, எந்த வரி யாருடையது என்று பிரிக்க வழியிருக்காது. தனித்தனியாக வைத்திருந்த இரண்டு குறிப்புகளைப் பிறகு ஒன்றாக்குவது ஐந்து நிமிட வேலை. கலந்துவிட்டதைப் பிரிக்க வேண்டுமானால் எல்லா மூலங்களையும் மறுபடி தேடிப் படிக்க வேண்டும்.

ஆகவே கொப்பி வேண்டாம். ஏ4 தாளின் அளவிலுள்ள தடித்த மட்டையை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூலத்தில் ஒரு பெயர் ஒரு முறை வந்தால் ஒரு மட்டை. அதே பெயர் அடுத்த பக்கத்தில் வந்தால் இன்னொரு மட்டை. கணினியில் செய்வோர் எக்செல்லில் ஒரு குறிப்புக்கு ஒரு வரி என்று போடலாம், விதி அதேதான்.

மட்டையில் முதல் வரியில் பெயரை மூலத்தில் இருந்தபடியே, எழுத்துப் பிழை உட்பட, எழுதுங்கள். 'கனகரெத்தினம்' என்று இருந்தால் திருத்தாதீர்கள். எந்த எழுத்துக்கூட்டல் எந்த மூலத்தில் வருகிறது என்பதே பிறகு தடயமாகும். அதன் கீழே தந்தை பெயர், ஊர், பதவி அல்லது தொழில், குறிப்பு நடந்த காலம், உடன் வரும் மற்றப் பெயர்கள், மூலத்தின் பெயரும் பக்கமும். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். இன்னொரு மட்டையைப் பார்த்து நிரப்பவே கூடாது. அப்படி நிரப்பும் நொடியில்தான் இரண்டு ஆட்கள் ஒருவராகிறார்கள்.

'உடன் வரும் பெயர்கள்' என்ற வரியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். சாட்சியாகக் கையெழுத்து வைத்தவர், அதே கூட்டத்தில் பேசியவர், அதே படத்தில் பக்கத்தில் நின்றவர் ஆகியோர்தான் பல சமயம் ஆளை அடையாளம் காட்டுவார்கள். பெயர் ஒன்றாக இருக்கலாம், சுற்றியிருப்பவர்கள் ஒன்றாக இருப்பது அரிது.

முதலெழுத்துக்கள்

அதிகப் பிழை நடக்கும் இடம் இதுதான். 'அ. குமாரசாமி' என்று ஒரு நூலட்டையில் கண்டால் நிதானிக்க வேண்டும். 1830களில் சட்டநிரூபண சபையில் (ஆங்கிலேயர் காலச் சட்டசபை) தமிழர் பிரதிநிதியாக இருந்த குமாரசாமி முதலியாரின் முதலெழுத்து 'அ', அது ஆறுமுகநாதபிள்ளையின் 'ஆ' ஆங்கிலம் வழியாக 'ஏ' ஆகி, மறுபடி தமிழுக்கு வந்தபோது 'அ' ஆனது. சுன்னாகத்தில் வாழ்ந்து 1922இல் காலமான இலக்கண வித்துவான் குமாரசாமிப் புலவரின் முதலெழுத்தும் 'அ', அது அம்பலவாணர். 1877இல் கொழும்பில் பிறந்து 1947இல் அமெரிக்காவில் காலமான கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமியை 'ஆ. குமாரசாமி' என்று எழுதுகிறார்கள். அந்த 'ஆ' தந்தை பெயரே அல்ல, அவருடைய சொந்தப் பெயர். அவருடைய தந்தை முத்துக் குமாரசாமி, முதலியாரின் மகன், 1879இல் காலமானவர், அவரும் சட்டநிரூபண சபை உறுப்பினர். பொன்னம்பலம் குமாரசாமி என்று இன்னொருவர், பொன்னம்பலம் இராமநாதனின் அண்ணன், 1906இல் காலமானவர், அவரும் அதே சபையில் இருந்தவர். சட்டசபையில் குமாரசாமி சொன்னார் என்று ஒரு நூல் எழுதினால், எந்தப் பத்தாண்டு என்று கேட்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

அந்தக் குடும்பத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தந்தை அ. பொன்னம்பலம். அந்த 'அ' அருணாசலம். பாட்டன் பெயர் பேரனுக்கு வந்துவிட்டது. ஆகவே 'அருணாசலம் பொன்னம்பலம்' தந்தை, 'பொன்னம்பலம் அருணாசலம்' மகன். பெயர்களின் வரிசையை மாற்றிவிட்டால் ஆளே மாறிவிடுவார். ஜீ. ஜீ. பொன்னம்பலம் இந்தக் குடும்பத்தவரல்லர். 1901இல் பிறந்து 1977இல் காலமான அவருடைய பெயரில் வரும் பொன்னம்பலத்தை இராமநாதன் சகோதரர்களின் தந்தையோடு முடிச்சுப் போட்டு எழுதிய மாணவர் ஒப்படைகள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன.

ஆங்கில முதலெழுத்தைத் தமிழாக்கும்போது ஒரு எழுத்துக்கு ஐந்தாறு சாத்தியங்கள் உண்டு. 'எஸ்' என்பது ச, சா, சி, சு, செ, சோ, ஷ, ஸ்ரீ எதுவாகவும் இருக்கலாம். 'கே' என்பது க, கா, கி, கு, கோ. 'ரீ' என்பது த, தா, தி, து, தே, தோ. தந்தையின் முழுப்பெயர் கையில் இல்லாவிட்டால் எஸ் என்றே விடுங்கள், 'சி.' என்று தமிழாக்காதீர்கள். பெயரிலும் இதே சிக்கல். மயில்வாகனம் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது, குமாரசாமி 'சி'யிலும் 'கே'யிலும் தொடங்கும், கனகரத்தினமும் அப்படியே. நூலகங்களின் ஆங்கில அட்டைகளில் இரண்டு இழுப்பறைகளையும் திறந்து பாருங்கள். தமிழில் தேடும்போது இராசதுரை, ராசதுரை, ராஜதுரை மூன்றையும் போட்டுத் தேடுங்கள். இணையத்திலுள்ள 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஒரு எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டுவது பெரிய இழப்பு.

முஸ்லிம் பெயர்களில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். மூன்று அஸீஸ்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ். இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி இராமநாதன் சொன்னதற்கு மறுப்பாக 1907இல் ஆங்கில நூல் வெளியிட்டவர், 1915இல் காலமானவர். இரண்டாமவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, யுத்த காலத்தில் 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர். பிறகு 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபர். 1973இல் காலமானார். மூன்றாமவர் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் அப்துல் அஸீஸ், ஜனநாயக தொழிலாளர் காங்கிரஸை நடத்தியவர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து முதியவர் "அஸீஸ் தொரை காலத்தில்" என்று சொன்னால் அது இரண்டாமவராக இருக்கவே கூடுதல் வாய்ப்பு. ஆனால் சோனகரின் வரலாறு பற்றிய பழைய கட்டுரை ஒன்றில் "அஸீஸ் எழுதியபடி" என்று வந்தால் முதலாமவர்.

அவர்களுடைய முதலெழுத்துக்களைப் பிரித்துப் பாருங்கள். முதலாமவரின் 'எம்' மரிக்கார். இரண்டாமவரின் 'எம்' முகம்மது. எழுத்து ஒன்று, பொருள் வேறு. 'ஏ. எல். எம்.' என்று வந்தால் முதல் இரண்டும் பெரும்பாலும் தந்தையின் பெயரான ஆதம்லெப்பை, அகமதுலெப்பை போன்றவற்றைக் குறிக்கும். 'எம்' அவருடைய சொந்தப் பெயரின் முன்னாலுள்ள முகம்மது. இப்படி ஒரே ஊரில் பத்துப் பேருக்கு ஒரே மூன்றெழுத்து இருக்கலாம். இங்கே முதலெழுத்து ஒத்துப்போவதை ஆதாரமாகவே எண்ணாதீர்கள். எழுத்துக்கூட்டலும் அஸீஸ், அசீஸ், அஜீஸ் என்று மூன்று இடத்தில் அகரவரிசையில் விழும்.

பெண்கள் விஷயத்தில் 'திருமதி எஸ். கந்தையா' என்பது பெருந்தலையிடி. 'எஸ்' அவருடைய பெயரின் எழுத்தா, கணவரின் தந்தை பெயரின் எழுத்தா என்று தெரியாது. பாடசாலை வரவுப் பதிவேட்டிலோ சம்பளப் பட்டியலிலோ முழுப்பெயர் கிடைக்கும் வரை மட்டையை மூடாதீர்கள். நம் ஊர்ப் பெண் ஆசிரியைகள் பலர் மலர்களில் பெயரில்லாமல் போனது இந்த ஓரெழுத்தாலேதான். இதில் எடுக்கும் சிரமம் முழுக்க முழுக்கத் தகும்.

ஊர்ப் பெயர் என்ற பொறி

ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும் என்று நினைப்போம். 'காரைதீவு' என்று பழைய ஏட்டில் இருந்தால் கவனம். அம்பாறையின் காரைதீவு ஒன்று. யாழ்ப்பாணத்துக் காரைநகரும் 1920களில் பெயர் மாறும் வரை காரைதீவுதான். ஆகவே 1910இல் 'காரைதீவு' என்று போட்டுக் கட்டுரை எழுதிய ஒருவரை நம் ஊராராக எடுத்துக்கொள்வதற்கு முன், எந்தப் பத்திரிகை, எந்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறார், யாரைக் குறிப்பிடுகிறார் என்று பாருங்கள். கல்முனை என்ற பெயர் வடக்கில் பூநகரிப் பக்கமும் உண்டு. அக்கரைப்பற்று என்ற பெயர் புத்தளத்திலும் உண்டு.

இன்னொன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம். 'மட்டக்களப்பைச் சேர்ந்த பெரியதம்பி' என்று 1950ஆம் ஆண்டுப் பத்திரிகை எழுதினால் அவர் இன்றைய அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலாராகவும் இருக்கலாம். 1980ஆம் ஆண்டுப் பத்திரிகை எழுதினால் அந்தச் சாத்தியம் குறைகிறது. மட்டையில் ஊரை எழுதும்போது மூலத்தின் ஆண்டையும் ஒட்டி எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஆண்டு

கோயில் ஏடுகளிலும் சாதகக் குறிப்புகளிலும் தமிழ் வருடப் பெயரே இருக்கும். அது அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பும். பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே வயது வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவே. பெயரும் ஒன்று, வருடப் பெயரும் ஒன்று என்றால் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! பிரபவ வருடம் 1867, 1927, 1987 சித்திரையில் தொடங்கியது என்பதை மனத்தில் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். பிரபவவை ஒன்று என்று எண்ணினால் கர இருபத்தைந்தாவது. ஆக 1891 சித்திரையிலும் 1951 சித்திரையிலும் தொடங்கியது.

இங்கே பலர் சறுக்கும் இடம் தை, மாசி, பங்குனி. வருடம் சித்திரையில் தொடங்குவதால் இந்த மூன்று மாதங்களும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். துறவியும் தமிழறிஞருமான விபுலானந்தர் பிறந்தது கர வருடம் பங்குனி, அதாவது 1892 மார்ச். கர என்றால் 1891 என்று கணக்குப் போட்டவர்கள் ஒரு வருடம் பின்னால் போய்விட்டார்கள். மார்கழியின் பிற்பாதியும் ஜனவரியில் விழும் என்பதால் மார்கழித் தேதிகளை நாளோடு பார்க்க வேண்டும். சக ஆண்டு கொடுத்திருந்தால் 78ஐக் கூட்டுங்கள்.

சக ஆண்டு எவ்வளவு பெரிய சிக்கலைக் கிளப்பும் என்பதற்கு நல்லூரைப் பார்க்கலாம். கந்தசுவாமி கோயிலின் கட்டியத்தில் (உரத்துச் சொல்லும் வாழ்த்துரையில்) புவனேகவாகு என்ற பெயர் வருகிறது. யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பின்பு கோட்டையில் புவனேகவாகு என்ற பெயரில் முடிசூடிய செண்பகப்பெருமாள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலை முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரியான புவனேகவாகு என்று வேறொருவரைச் சொல்கிறது. கோயில் கட்டியதாக வழங்கும் தனிப்பாடலோ சக ஆண்டு 870 என்கிறது, அதாவது 948. சிங்கள அரசர் வரிசையிலும் புவனேகபாகு என்று ஏழு பேர். ஒரு பெயரை வைத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளிக்குள் அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். மலரில் எழுதும் நாம் அதை ஒரே வரியில் தீர்த்துவைக்கக் கூடாது. எந்த மூலம் எதைச் சொல்கிறது என்று தனித்தனியாக எழுதுவதே நேர்மை.

அரசர்களின் எண்கள்

'முதலாம்', 'இரண்டாம்' என்பன வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் இட்ட எண்கள். அரசன் தன் கல்வெட்டிலோ ஓலையிலோ தன்னை 'இரண்டாம்' என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே மூலத்தில் எண் இராது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இராசசிங்கன் என்றால் சீதாவாக்கை முதலாம் இராசசிங்கன் (1593இல் இறந்தவன்), கண்டி இரண்டாம் இராசசிங்கன், பின்பு ஸ்ரீ விஜய, கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, ஸ்ரீ விக்கிரம என்று அடைமொழியோடு நால்வர். ஆறு பேரையும் ஊர்வாய் 'ராசசிங்கன்' என்றே சொல்லும். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த சம்பவம் வந்தால் அது இரண்டாமவன். அதே முறையில், 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போய்ச் சந்தித்த விமலதர்மசூரியன் முதலாமவன். இரண்டாம் விமலதர்மசூரியன் அரசனானது 1687இல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தள்ளி. சம்பவத்தைப் பிடித்தால் எண் தானாக வரும். எண்ணை முதலில் ஊகித்துவிட்டுச் சம்பவத்தைப் பொருத்தாதீர்கள்.

சங்கப் புலவர் பெயர்களில் பாடசாலை மலர்க் கட்டுரைகள் இதே தவறைச் செய்கின்றன. பாரியின் நண்பர் கபிலர் வேறு, பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனார் வேறு. அதியமானைப் பாடிய ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. இரு நூல்களின் மொழிநடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவருக்குக் காட்டினால் அவர்களுக்கே விளங்கும்.

பெயர் மாறியவர்கள்

ஒரே ஆள் பல பெயரில் வருவது மறுபக்கம். விபுலானந்தர் பிறந்தபோது மயில்வாகனம். இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியாக இருந்தபோது பிரபோத சைதன்யர். 1924இல் துறவு பெற்றபின்பே விபுலானந்தர். 1920இல் விபுலானந்தர் இன்ன பாடசாலையில் அதிபராக இருந்தார் என்று எழுதும் மலர் அக்காலப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, மயில்வாகனம் என்றுதான் தேட வேண்டும். ஆனால் அங்கேயும் பொறி இருக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலை எழுதிய மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தவர் என்பதால் அவரைப் பிரிப்பது எளிது. இலங்கை வானொலி மயில்வாகனனைக் குரலாலேயே மக்கள் அறிவார்கள். ஆனால் பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர், விஞ்ஞான பீடாதிபதி. விபுலானந்தரும் விஞ்ஞானப் பட்டதாரி, 1943 முதல் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 'பேராசிரியர் மயில்வாகனம், விஞ்ஞானம், இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற மூன்று சொல்லும் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் 1943இல் விபுலானந்தரை யாரும் மயில்வாகனம் என்று அழைத்திருக்கமாட்டார்கள். ஒரு பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வழக்கில் இருந்தது என்று மட்டையில் எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் ஒரு பார்வையில் தீரும்.

துறவிப் பெயர்களில் ஞானப்பிரகாசர் இன்னொரு நல்ல உதாரணம். போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து சிதம்பரம் சென்ற ஞானப்பிரகாச முனிவர் சைவர். 1875இல் பிறந்து 1947இல் காலமான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குரு, மொழியாராய்ச்சியாளர். நூற்பெயரையோ சமயத்தையோ பாராமல் பெயரை மட்டும் எடுத்தால் சைவ சித்தாந்த நூலைக் கத்தோலிக்கக் குருவின் தலையில் கட்டிவிட நேரும்.

நம் ஊர் அரசியல் பெயரில் தம்பிமுத்து: அரசாங்க சபையில் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதிக்கு இருந்தவர் ஈ. ஆர். தம்பிமுத்து. 1990 மே மாதம் கொழும்பில் கொல்லப்பட்ட மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் சாம் தம்பிமுத்து. இலண்டனில் 1939இல் ஆங்கிலக் கவிதைச் சஞ்சிகை தொடங்கிய கவிஞர் எம். ஜே. தம்பிமுத்து, 1983இல் காலமானவர். ஆண்டு தெரிந்தால் போதும், மூவரும் தனித்தனியே நிற்பார்கள்.

குடி என்ற தடயம்

மற்ற மாவட்டத்தாருக்குக் கிடைக்காத ஒரு கருவி நமக்கு இருக்கிறது. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. ஆகவே தந்தைக்கும் மகனுக்கும் குடி வேறாகவே இருக்க வேண்டும். ஒரு கோயில் ஏட்டில் 'கந்தப்போடி மகன் கதிர்காமப்போடி' இருவரும் ஒரே குடி என்று கண்டால், ஒன்றில் ஏடு பெயர்த்தெழுதியவர் தவறியிருப்பார், அல்லது அந்தக் கந்தப்போடி வேறு கந்தப்போடி. நின்று சரிபாருங்கள்.

ஆனால் குடி ஒத்துப்போவது ஆள் ஒன்று என்பதற்கு ஆதாரமல்ல. ஒருவர் முதலாம் குடி, அவர் மணந்தவர் இரண்டாம் குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் இரண்டாம் குடி. அந்த மகன் மாமி மகளை, அதாவது தந்தையின் சகோதரி மகளைக் கட்டினால் அவள் முதலாம் குடி; பேரனும் முதலாம் குடி. பாட்டனும் பேரனும் ஒரே பெயர், ஒரே குடி, ஒரே ஊர், பல சமயம் ஒரே வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) பதவி! இவர்களைப் பிரிப்பது தாய் பெயரும் ஆண்டும் மட்டுமே. நூறு வருடம் வண்ணக்கராக இருந்தவர் என்று சில மலர்களில் காணும் அதிசயங்களில் இப்படியான இரண்டு பேர் இருப்பார்கள்.

முதியோரிடம் கேட்பது

"பள்ளிக்கூடம் கட்டின கந்தையா வாத்தியார்தானே இவர்?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே "ஓம்" என்பார்கள். "உங்கட காலத்தில ஊரில எத்தனை கந்தையா இருந்தவங்க?" என்று கேளுங்கள். அவர்களே கட்டைக் கந்தையா, கடைக் கந்தையா, கிழக்குவளவுக் கந்தையா என்று பிரித்துச் சொல்வார்கள். பட்டப்பெயரை மட்டையில் எழுதுங்கள். அச்சிடுவதற்கு முன் குடும்பத்தாரின் சம்மதம் கேளுங்கள், சில பட்டப்பெயர்கள் இன்றும் நோகும். பிறகு ஆருடைய மகன், எந்தக் குடி, எந்த நாள் திருவிழாவுக்கு உரியவர், எங்கே கலியாணம் கட்டினவர் என்று ஒவ்வொன்றாக. கடைசியில் மட்டும் படத்தைக் காட்டுங்கள். முதலில் காட்டினால் படம் நினைவை இழுத்துக்கொண்டு போய்விடும்.

படத்திலும் எச்சரிக்கை வேண்டும். 'இடமிருந்து வலம்' என்று எழுதிய பெயர் வரிசை நிற்பவர்களுக்கா, இருப்பவர்களுக்கா என்று தலைகளை எண்ணிப் பாருங்கள். பெயர் பதினொன்று, தலை பன்னிரண்டு என்றால் விடுபட்டவர் எங்கே என்று தெரியும் வரை ஒரு பெயரையும் ஒட்டாதீர்கள்.

எப்போது ஒன்றாக்கலாம்

பெயர், முதலெழுத்து தவிர்த்து, ஒன்றையொன்று சாராத இரண்டு தடயங்கள் பொருந்த வேண்டும். தந்தையின் முழுப்பெயரும் பதவியின் ஆண்டும், அல்லது மனைவி பெயரும் இறந்த திகதியும் என்பதுபோல. இரண்டு மலர்கள் ஒன்றையே சொன்னால் அது இரண்டு ஆதாரம் அல்ல. பின்னையது முன்னையதைப் பார்த்து எழுதியிருக்கலாம். இரண்டிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் நிச்சயம் பார்த்து எழுதியதுதான். காணி உறுதிகள் மிக நல்ல மூலம். நொத்தாரிசு தந்தை பெயரையும் மறுபெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருப்பார். வீட்டில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் இணைப் பிரதி இருக்கும்.

ஒரே ஒரு வலுவான முரண் போதும், மட்டைகளைப் பிரித்துவிட. பிறப்பு, முதல் நியமனம், திருமணம், ஓய்வு, இறப்பு ஆகியவற்றை ஒரு கோட்டில் ஆண்டோடு குறியுங்கள். பத்து வயதில் விதானையாராகவோ இறந்து நான்கு வருடத்தின்பின் சாட்சியாகவோ ஒருவர் வந்தால், கோட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அச்சில்

முதன்முறை வரும் இடத்தில் தந்தை பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் கொடுத்துவிட்டு, பிறகு சுருக்குங்கள். 'கனகரத்தினம் (1921 நூலாசிரியர்)', 'கனகரத்தினம் (பொத்துவில், 1977)' என்று பெயர் அகராதியில் தனித்தனிப் பதிவாகப் போடுங்கள். சாதாரண மக்களுக்கு முதலாம், இரண்டாம் என்று எண் இடாதீர்கள். அடுத்த தொகுப்பில் நடுவே ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால் எல்லா எண்களும் புரண்டுவிடும். தீர்க்க முடியாத மட்டைகளை 'பிரிக்கப்படாதவை' என்று ஒரு பட்டியலாக மலரின் பின்பக்கத்தில் சேருங்கள்: பெயர், ஆண்டு, மூலம், பக்கம் மட்டும். வெளியீட்டு விழாவில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். மலர் கைக்குக் கிடைத்த கிழமையிலேயே பேரப்பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழோடும் பழைய உறுதியோடும் வருவார்கள். அவற்றை அங்கேயே போட்டோ எடுத்து, உரிய மட்டையோடு சேர்த்து, கொண்டுவந்தவரின் பெயரையும் திகதியையும் பின்னால் எழுதி, பாடசாலை நூலகத்திலோ கோயில் காரியாலயத்திலோ பெட்டியாக வைத்துவிடுங்கள்.